பகடை தவறும்போது

எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் இருப்பதில்தான் வியூக ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்று பலரும் நினைப்பார்கள். சப்செட் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘இன்டு தி பிரீச்’ அந்த எண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டது. பக்கத்துக்கு எட்டு என்று சதுரங்கப் பலகையைப் போலவே 64 கட்டங்கள். நம் பக்கம் மூன்று ராட்சத இயந்திரங்கள். எதிர்ப்பக்கம் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் ‘வெக்’ என்ற பூச்சிக் கூட்டம். நடுவில் ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்கள். எந்தப் பூச்சி எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறது, எவ்வளவு சேதம் ஆகும், யார் முதலில் அடிப்பார், அடுத்த முறை எந்தக் கட்டத்திலிருந்து புதுப் பூச்சி கிளம்பும் என்று எல்லாவற்றையும் நம் முறை வரும்போதே திரை சொல்லிவிடுகிறது. ஒளிவுமறைவு கிடையாது.

எல்லாம் தெரிந்த பிறகு ஆட என்ன மிச்சம் என்று கேட்கலாம். மிச்சம் இருப்பது பற்றாக்குறை. ஐந்து இடத்தில் ஆபத்து, கையில் மூன்று நகர்வு. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்திலும் மூன்று புலிதான், ஆனால் அங்கே புலிக்கு வேலை வெட்டுவது. இங்கே மூன்றுக்கும் காவல் வேலை. சில முறை தாக்குப்பிடித்தால் பூச்சிகள் தாமாகவே மண்ணுக்குள் போய்விடும். அதனால் கொல்வது கட்டாயமில்லை, ஊர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான போர் விளையாட்டுகள் எதிரியின் உயிர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும். இந்த ஒரு விதி மாறியதும் நம் பார்வை எதிரியை விட்டு அவன் குறிவைத்திருக்கும் வீட்டின் மேல் போகிறது.

இதன் நயம் தள்ளுவதில் இருக்கிறது. நம் ஆயுதங்களின் சேதம் ஒன்று, இரண்டு என்று கஞ்சத்தனமாகவே இருக்கும், ஆனால் அநேகமாக எல்லாமே பட்டதையோ பக்கத்தில் உள்ளதையோ ஒரு கட்டம் தள்ளிவிடும். ஃபயர்ஃபிளை என்றொரு வெக் உண்டு. நேர்கோட்டில் துப்பும், வழியில் முதலில் எது இருக்கிறதோ அதன் மேல் படும். அது ஒரு குடியிருப்பைக் குறிவைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொல்ல நம்மிடம் வலு இல்லை. பீரங்கி இயந்திரத்தை எடுத்து, அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், அதாவது வெறும் மண்ணில், ஒரு குண்டு போடுகிறோம். வெடிப்பின் வேகத்தில் ஃபயர்ஃபிளை ஒரு கட்டம் ஒதுங்குகிறது, ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அது திரும்பியிருந்த திசை மாறவில்லை. இப்போது அதன் குறி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையில் இன்னொரு வெக், ஒரு ஹார்னெட், ஒற்றை உயிர்ப்புள்ளியோடு வேறொரு கட்டடத்தைக் கொட்டக் காத்திருக்கிறது. தாக்கும் வரிசையைப் பார்க்கிறோம்: ஃபயர்ஃபிளைக்கு முதல் இடம், ஹார்னெட்டுக்கு இரண்டாவது. முறையை முடிக்கும் பொத்தானை அழுத்துகிறோம். பூச்சி பூச்சியைச் சுடுகிறது. இரண்டு வீடு பிழைத்தது, செலவு மண்ணில் விழுந்த ஒரே குண்டு.

இந்த இடத்தில் எனக்கு வரும் மகிழ்ச்சி வெற்றியின் மகிழ்ச்சி இல்லை. சிலேடை ஒன்று சட்டெனப் புரிந்தால் வரும் மகிழ்ச்சி அது. விடை முதலிலிருந்தே திரையில் கிடந்தது, நாம்தான் பார்க்கவில்லை.

அத்தனை வெளிப்படையான ஆட்டத்தில் ஆட்டத்துக்கு நடுவே பகடை உருட்டும் இடம் ஒன்றே ஒன்று. கட்டடத்தின் மேல் அடி விழும்போது 15 சதவீத வாய்ப்பில் அது தாங்கிக்கொள்ளும். அதாவது இந்த ஆட்டத்தின் அதிர்ஷ்டம் நமக்குச் சாதகமாக மட்டுமே வேலை செய்கிறது. நாம் திட்டம் போட்டு, கெட்டுப்போய், ‘சரி, அந்த வீடு போகட்டும்’ என்று கைவிட்ட பிறகுதான் அது தலைகாட்டும். இந்த ஒரு முடிவுக்காகவே ஜஸ்டின் மாவுக்கும் மேத்யூ டேவிஸுக்கும் ஒரு கும்பிடு போடலாம். இருவரும் இதற்கு முன் 2012-இல் செய்த ‘எஃப்டிஎல்’ கண்ணைக் கட்டிக் காட்டில் விடுகிற ரகம். அங்கே அதிர்ஷ்டம் நம்மை அடித்துத் துவைக்கும்.

இத்தனைக்கும் இன்டு தி பிரீச்சில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேறொரு காலத்திலிருந்து வந்தவர்கள் இந்த இயந்திரங்களை ஓட்டுகிறார்கள். மின்கட்டமைப்பு பூஜ்யத்துக்கு வந்தால் இந்த உலகம் போயிற்று. அப்போது பிழைத்திருக்கும் ஓட்டுநர்களில் ஒருவரை மட்டும் தேர்ந்து, அவர் கற்ற அனுபவத்தோடு இன்னொரு காலக்கோட்டுக்கு அனுப்பலாம். மற்றவர்கள் அங்கேயே விடப்படுகிறார்கள். எல்லா ஆட்டத்திலும் இருக்கும் ‘மறுபடி தொடங்கு’ பொத்தான்தான் இதுவும். ஆனால் அதை அழுத்தும்போது ஒரு ஊரைக் கைவிட்டுப் போகிறோம் என்ற உறுத்தலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நீளமான வசனக் காட்சிகள் வைத்திருக்கும் பல கேம்கள் எனக்கு இதில் பாதி வலியைக்கூடத் தந்ததில்லை.

நான் கேம்களை எடைபோடும் தராசு இதுதான்: தோற்கும்போது அது நம்மை எப்படி நடத்துகிறது? ஜெயிக்கும்போது எல்லா கேமும் நல்லதுதான்.

ஃபிராக்ஸிஸின் ‘எக்ஸ்காம்: எனிமி அன்நோன்’ (2012) இதே கட்டவரிசைப் போர்தான், ஆனால் அங்கே எல்லாம் சதவீதம். வேற்றுக்கிரகவாசியின் மேல் துப்பாக்கியைத் திருப்பினால் 65, 85, 95 என்று ஒரு எண் வரும். 95 தவறும். தவறிய அந்த ஒன்றைப் பற்றி ஆடுகிறவர்கள் ஆயுளுக்கும் பேசுவார்கள். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதால் ஆளாளுக்கு நண்பர்கள், அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் பெயரையெல்லாம் வைத்துவிடுவார்கள். செத்தால் செத்ததுதான், திரும்பி வருவதில்லை. படைவீட்டில் ஒரு நினைவுச் சுவரில் அந்தப் பெயர் ஏறும். இதற்கு அடுத்த பாகத்தில் (2016) ஒரு திருட்டுத்தனம் உண்டு. எளிய நிலைகளில் திரையில் காட்டும் சதவீதத்தைவிட உண்மையான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அடுத்தடுத்துத் தவறினால் இன்னும் சற்றுக் கூட்டிப்போடும். மனிதர்களுக்கு 85 என்றால் ‘நிச்சயம்’ என்றுதான் படுகிறது. ஆறேழு தடவையில் ஒன்று தவறும் என்று படுவதில்லை. அந்தப் பலவீனத்துக்கு கேம் ஓசைப்படாமல் முட்டுக்கொடுக்கிறது. இந்தப் பொய்யைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்டு தி பிரீச்சின் நேர்மையை ருசித்த பிறகு எக்ஸ்காமின் கரிசனம் கொஞ்சம் இனிப்புத் தூக்கலாகத் தெரிகிறது.

பெயர் வைப்பது சின்ன விஷயமில்லை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்கு 2022-இல் வந்த இந்தியத் தொகுப்பில் திராவிடர் என்று ஒரு நாகரிகம் உண்டு. உருமி வீசும் வாள்வீரர், திரிசடை என்ற பெரிய கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் வரும். முதல் தடவை கேட்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அதே தமிழ் பேசும் ஐம்பது பேரைக் கோட்டை வாசலில் பலிகொடுத்துவிட்டு அடுத்த ஐம்பதுக்கு உத்தரவு போடும்போது ஒரு கணம்கூட நிற்பதில்லை. மொழி ஒன்றாக இருந்தும் பெயர் இல்லை. எக்ஸ்காமில் ஏதோ ஒரு நாட்டுக் கொடியோடு வந்த சிப்பாய்க்கு நாம் வைத்த நாலெழுத்துப் பெயர் அதைவிடக் கனக்கிறது.

இனி ‘டிஸ்கோ எலிசியம்’. எஸ்தோனியர்கள் தொடங்கிய ஸா/யூஎம் குழு 2019-இல் வெளியிட்டது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் நான்கு பிரிவில் போட்டியிட்டு நான்கையும் வாங்கியது. இதில் சண்டை என்று தனியாக ஒன்று கிடையாது. ரெவஷோல் என்ற கற்பனை நகரத்தின் சிதிலமான துறைமுகப் பகுதியில், ஒரு விடுதியின் பின்னால் மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது. அதைத் துப்புத்துலக்க வந்த போலீஸ்காரர் குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்து, விடுதி அறைத் தரையில் கிடக்கிறார். அவர்தான் நாம். மற்ற கேம்களில் வலிமை, வேகம் என்று இருக்கும் இடத்தில் இங்கே 24 திறமைகள். அவை அத்தனையும் பேசும். ‘என்சைக்ளோபீடியா’ யாரும் கேட்காத தகவலைக் கொட்டும். ‘எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி’ ஒரு சிகரெட் போடலாமே என்று நச்சரிக்கும். ‘ஷிவர்ஸ்’ நகரத்தின் குளிரையே தோலில் கேட்கும். ‘டிராமா’ நாடகத்தனமாக நம்மை மன்னனாகப் பாவித்து விளித்து, எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று காதில் ஓதும்.

முதலில் இவை நமக்கு உதவ வந்த ஆலோசகர்கள் என்றுதான் தோன்றும். அதில்தான் சூட்சுமம். திறமைக்குப் புள்ளி கூடக் கூட அதன் வாயும் கூடுகிறது. பல நேரம் அவை சொல்வது தப்பு. க்ளாஸ்யே என்ற பெண்ணை விசாரிக்கும் கட்டத்தில் மன உறுதிக்கான திறமை குறுக்கிட்டு, உன் மற்ற குரல்களெல்லாம் இவளிடம் மயங்கிக் கிடக்கின்றன, நம்பாதே என்று எச்சரிக்கும். அதுவரை நாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்த ஆலோசனைகளைத் திரும்பப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். கதை சொல்பவனை நம்பாதே என்பது நாவல்களில் பழைய உத்தி. இங்கே கதை சொல்பவன் என்பது நாமே புள்ளி போட்டு வளர்த்த திறமை. இந்த வித்தையை நாவலால் செய்ய முடியாது.

பகடைக்கு வருவோம். ஒரு காரியத்தை முயன்று பார்க்க இரண்டு ஆறுமுகப் பகடைகள் உருளும். கூட்டுத்தொகையோடு திறமைப்புள்ளி சேரும். இரண்டும் ஒன்று விழுந்தால் எத்தனை கெட்டிக்காரனுக்கும் தோல்வி, இரண்டும் ஆறு விழுந்தால் எத்தனை மக்குக்கும் வெற்றி. அதனால் திரையில் தெரியும் வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, 97-க்கு மேலே ஏறாது. எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் அது எப்படி வந்தது என்று கணக்கு விரியும். முன்பு யாரிடமோ பேசித் தெரிந்துகொண்ட செய்திக்கு ஒரு புள்ளி, போட்டிருக்கும் சட்டைக்கு ஒரு புள்ளி, நேற்று அடித்த கூத்துக்கு ஒரு புள்ளி கழிவு. நாம் இதுவரை எப்படி வாழ்ந்தோம் என்பதன் வரவுசெலவு அது. எக்ஸ்காமின் 95 தூரத்தையும் மறைப்பையும் பார்த்துச் சொல்வது. இங்கே 58 என்று ஓர் எண் வந்தால் அது நம் நடத்தையைப் பார்த்துச் சொல்வது.

ஆனால் நான் உட்கார்ந்து ரசித்தது வெற்றிகளை இல்லை. விடுதிக்காரர் பாக்கியைக் கேட்கிறார், கையில் காசு இல்லை. ஓடித் தப்பிக்கலாம் என்று ஒரு வழி காட்டப்படுகிறது. பகடை தவறுகிறது. நம் ஆள் ஓடுவதோடு நிற்காமல், காற்றில் திரும்பி இரண்டு கை நடுவிரலையும் விடுதிக்காரருக்குக் காட்டியபடி பறந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் மேல் மோதி விழுகிறார். இப்படி ஒரு தோல்வியை எழுத ஒருவர் உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம். வேறு கேம் என்றால் ‘முயற்சி தோல்வி’ என்று சிவப்பில் ஒரு வரி வரும், நாம் பழைய ‘சேவ்’ கோப்பை லோடு செய்வோம். இங்கே லோடு செய்யக் கை வருவதில்லை. தோல்விதான் சுவையான பக்கம்.

உடல்நலம், மனநிலை என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. அவமானப்பட்டால் மனநிலை இறங்கும், பூஜ்யத்துக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. நோஞ்சான் உடம்பை வைத்துத் தொடங்கினால், குடிமயக்கம் தெளியாத கண்ணோடு அறையின் விளக்கைப் போட்டதற்கே மாரடைத்துச் சாகலாம். துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேர் தன் அறையில் விருந்தாளிகளுக்கென்று வசதியே இல்லாத ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்தே செத்தவர்கள் உண்டு. வாளால் குத்துப்பட்டுச் சாகும் கேம்கள் கணக்கில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாகும் கேம் இது ஒன்றுதான். அதுவும் வெறும் கேலி இல்லை. யார் வீட்டு நாற்காலியில் யார் எப்படி உட்கார வேண்டும் என்பதில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அந்த ஒரே சாமான் காட்டிவிடுகிறது.

கிம் கிட்சுராகி இல்லாவிட்டால் இத்தனையும் வெறும் கோமாளித்தனமாகப் போயிருக்கும். நமக்குத் துணையாக வேறு காவல் நிலையத்திலிருந்து வந்த அதிகாரி. ஆரஞ்சு மேலங்கி, கண்ணாடி, கையில் குறிப்பேடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட். அந்த ஒன்றும் இரவில் அன்றைய குறிப்புகளைப் புரட்டும்போது. கிம்மின் மதிப்பை நாம் எவ்வளவு சம்பாதித்திருக்கிறோம் என்று கேம் உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கிறது, ஆனால் அதை ஒரு கோடாகவோ எண்ணாகவோ நமக்குக் காட்டுவதில்லை. அவர் புருவத்தையும் இடைவெளியையும் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். எல்லா எண்ணையும் விரித்துக் காட்டும் கேம் இந்த ஒரு எண்ணை மட்டும் மறைத்தது ஏன் என்று யோசித்தால், செய்தவர்களின் கை எவ்வளவு பக்குவமானது என்று விளங்கும். அவர் சிரிக்க வேண்டும் என்பதற்காக, எந்தப் புள்ளியும் கிடைக்காத காரியங்களைச் செய்யத் தொடங்குவோம். இருவரும் ஓய்வாக உட்கார்ந்து ‘சூசரன்டி’ என்ற பலகை ஆட்டம் ஆடும் இடம் ஒன்று உண்டு. குடியேற்ற நாடுகளைப் பிடித்துச் சுரண்டுவது பற்றிய வியூக ஆட்டம். அடிபட்டுப் போன நகரத்தின் நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள் மும்முரமாகக் காலனி பிடிக்கிறார்கள். கிம் விதிகளை எவ்வளவு சிரத்தையாகக் கையாள்கிறார் என்பதைப் பார்க்கவே அதை ஆட வேண்டும்.

கதை கேம்களில் தேர்வுக்கு அர்த்தமே இல்லை, எதைத் தொட்டாலும் ஒரே முடிவுக்குத்தான் போகிறது என்று ஒரு வாதம் நெடுநாளாக ஓடுகிறது. டெல்டேலின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். முதல் பகுதியில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும், காப்பாற்றிய அந்த ஒருவரும் மூன்றாம் பகுதியில் கதையை விட்டுப் போய்விடுவார். கணக்குப்படி பார்த்தால் தேர்வு வீண்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடையில் கிடைத்த நாட்களில் யாரோடு பழகினோமோ அவரையல்லவா இழக்கிறோம்? முடிவு ஒன்று, இழப்பு வேறு. ஆனால் திரை மூலையில் ‘இதை அவர் நினைவில் வைத்திருப்பார்’ என்று வரும் அறிவிப்பு மட்டும் எனக்கு ஆகாது. நினைவில் வைத்திருந்தால் நடத்தையில் தெரியட்டுமே, முன்கூட்டி ரசீது எதற்கு?

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் செய்த ‘ஃபிராஸ்ட்பங்க்’கும் (2018) இதே தப்பைப் பெரிய அளவில் செய்கிறது. உறைந்த உலகில் ஒரு நிலக்கரி உலையைச் சுற்றி வட்டம் வட்டமாக ஊர் கட்டும் ஆட்டம். ஆள் பற்றாது. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் சட்டம் இருக்கிறது. ‘ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும்’ என்று முதல் படி. கையெழுத்துப் போட்டதும் அடுத்த படி தானாகத் திறந்து நிற்கிறது. இந்தப் படிக்கட்டு அபாரம், கெட்டவனாக வேண்டும் என்று யாரும் முடிவெடுப்பதில்லை என்பதை வசனம் இல்லாமல் சொல்கிறது. கடைசியில் ஊர் பிழைத்ததும், வெறும் பனியிலிருந்து அது வளர்ந்த கதை வேகமாக ஓடுகிறது, கூடவே நாம் செய்த காரியங்களின் பட்டியலும். அதோடு விட்டிருக்கலாம். எல்லை மீறியிருந்தால், இத்தனைக்கும் இது தகுமா என்று திரையே கேட்கிறது. அதுவரை என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அந்த நொடியில் அவர்களுடையதாகிவிட்டது. உடனே எனக்குத் தற்காப்பு வாதம் பேசத் தோன்றிவிட்டது!

வியூகமும் கதையும் பிரிக்க முடியாமல் கலந்தது எதில் என்று கேட்டால் பாரடாக்ஸின் ‘குருசேடர் கிங்ஸ் 3’ (2020) என்பேன். வெளிவந்தபோது 867-இலோ 1066-இலோ தொடங்கி 1453 வரை ஆட முடிந்தது. அப்போது ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரை வரைபடம். ஆனால் நாம் ஆள்வது நாட்டை இல்லை, ஒரு ஆளை. அந்த ஆளுக்குக் குணங்கள் உண்டு, குணத்துக்கு விரோதமாக நடந்தால் மன உளைச்சல் ஏறும். இரக்கசுபாவம் உள்ள அரசன் கைதியின் தலையை வாங்கினால் அவனுக்குத் தூக்கம் கெடும். பேராசைக்காரன் யாருக்காவது பொன் பரிசு கொடுத்தாலும் அதே கதி. உளைச்சல் ஓர் அளவைத் தாண்டினால் உடைந்து குடியில் விழுவான், அல்லது தின்று தீர்ப்பான். வியூகத்துக்கு எது சரியான நகர்வோ அது இந்த மனிதனால் முடியாத நகர்வு. சதுரங்கக் குதிரைக்குக் கோணலாகத் தாவ வெட்கமாக இருந்தால் ஆட்டம் எப்படி இருக்கும்? அதுதான் இது.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்து, ஒரு பெரிய ராஜ்யத்தைக் கட்டி முடிக்கும்போது அந்த ஆள் செத்துப்போவார். தொடக்க காலத்து வாரிசுச் சட்டப்படி சொத்து பிள்ளைகளுக்குப் பங்குபோடப்படும். நேற்றுவரை நம் மகன்களாக இருந்தவர்கள் இன்று நம் தம்பிகள். நாம் இப்போது மூத்தவன். அப்பாவுக்கு இருந்த ஒரு கெட்டிக்காரத்தனமும் இவனுக்கு இல்லை, அப்பாவை மதித்த சிற்றரசர்களில் பாதிப் பேருக்கு இவன் மேல் நல்ல எண்ணம் இல்லை, கடைசித் தம்பியின் பங்கில் நாம் ஆசை ஆசையாகக் கோட்டை கட்டிய ஊர் போயிருக்கிறது. அவனைத் தீர்த்துக்கட்டச் சதி செய்யலாம். எத்தனை சதவீதம் பலிக்கும் என்று எண்ணும் காட்டுகிறது. ஆனால் மூத்தவனுக்கு இரக்கசுபாவம்.